அந்த "மூன்றில் நான்கு" எங்கிருந்து வந்தது? – வாசகர் கேள்வி பதில்

கோளத்தின் கன அளவைப் பற்றி (4/3 × பை × ஆரத்தின் கனம் என்ற சூத்திரம்தான்), பாடம் நடத்துகிறவர்களும் படிக்கிறவர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் எழுதிய கேள்விகள் இந்த முறை நிறைய சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நாலு கணக்கு கொடுத்தால் எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கேட்டால் சிலர் புறப்பரப்பின் சூத்திரத்தைச் சொல்கிறார்கள், சிலர் 4/3-க்குப் பதில் 3/4 என்கிறார்கள். எத்தனை தடவைதான் மனப்பாடம் செய்யச் சொல்வது? (ஓர் ஆசிரியை)

பதில்: சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருங்கள். முதல் வகுப்பில் ஒரு பந்தும், அது ஆறு பக்கமும் தொட்டுக்கொண்டு கச்சிதமாக உட்காரும் ஒரு கனசதுரப் பெட்டியும் போதும். பெட்டிக்குள் இருக்கும் இடத்தில் பந்து எவ்வளவு பங்கை அடைத்துக்கொள்கிறது என்று கேளுங்கள். முக்கால், முக்காலுக்கு மேல் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உண்மையில் அது 52 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எட்டு மூலைகளிலும் சும்மா கிடக்கும் இடத்தைக் கூட்டினால் கிட்டத்தட்டப் பாதிப் பெட்டி. இதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், அந்த ஆச்சரியத்தோடுதான் பாடம் தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அப்புறம் பெட்டியை எடுத்துவிட்டு ஓர் உருளையைக் கொண்டுவாருங்கள். பந்து உள்ளே நுழைந்து சுற்றிலும் தொட வேண்டும், மேலேயும் கீழேயும் தொட வேண்டும். அதாவது உருளையின் ஆரமும் பந்தின் ஆரமும் ஒன்று, உருளையின் உயரம் பந்தின் விட்டம். இந்த உருளையில் பந்து அடைப்பது சரியாக மூன்றில் இரண்டு பங்கு. மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். உருளையின் கன அளவு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்: பை × ஆரம் × ஆரம் × உயரம். உயரம் இங்கே 2 × ஆரம். ஆக உருளைக்கு 2 × பை × ஆரத்தின் கனம். அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 4/3 × பை × ஆரத்தின் கனம். உயரத்திலிருந்து வந்த 2-ஐ 2/3-ஆல் பெருக்கியதால் வந்த எண்தான் 4/3, அதற்குத் தனியாக எந்த ரகசியமும் கிடையாது. இது புரிந்த பிள்ளை 3/4 என்று எழுத மாட்டாள், மறந்துபோனாலும் அரை நிமிடத்தில் திரும்ப உண்டாக்கிக்கொள்வாள்.

கேள்வி: அந்த மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்பிவிட வேண்டுமா? அதுவும் ஒரு மனப்பாடம்தானே? நுண்கணிதம் இல்லாமல் காட்ட முடியுமா? (கணிதம் விரும்பும் ஒரு மாணவர்)

பதில்: முடியும். பிதாகரஸ் தேற்றமும், கூம்பின் கன அளவு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பதும் தெரிந்தால் போதும்.

5 செ.மீ. ஆரமுள்ள ஓர் அரைக்கோளத்தை, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி மேசைமேல் வையுங்கள். பக்கத்தில் ஓர் உருளை, அதன் ஆரமும் 5, உயரமும் 5. அந்த உருளைக்குள்ளிருந்து ஒரு கூம்பைக் குடைந்து எடுத்துவிடுகிறோம். கூம்பின் வாய் உருளையின் மேல்விளிம்பு முழுவதும், அதன் கூர்முனை கீழ்த்தளத்தின் நடுவில். மிச்சம் இருப்பது கிண்ணம் போலக் குழிந்த ஓர் உருவம்.

இப்போது மேசையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் இரண்டையும் குறுக்கே வெட்டுங்கள். அரைக்கோளத்தில் கிடைப்பது ஒரு வட்டம். மையத்திலிருந்து விளிம்புவரை 5, செங்குத்தாக 3, எனவே அந்த வட்டத்தின் ஆரம் 4, பரப்பு 16 பை. குடைந்த உருளையில் கிடைப்பது ஒரு வளையம். வெளிவட்டத்தின் பரப்பு 25 பை. உள்ளே இருக்கும் ஓட்டையின் ஆரம் 3, ஏனென்றால் இந்தக் கூம்பில் எவ்வளவு உயரமோ அவ்வளவே ஆரம். ஓட்டையின் பரப்பு 9 பை. கழித்தால் 16 பை. இரண்டும் ஒன்று.

தற்செயலா என்று பார்க்க 4 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். அரைக்கோளத்தில் ஆரம் 3, பரப்பு 9 பை. வளையம் 25-இல் 16 போக 9 பை. தரைமட்டத்தில் இரண்டும் 25 பை, உச்சியில் இரண்டும் பூஜ்யம். எந்த உயரத்தில் வெட்டினாலும் பரப்பு சமமாகவே வரும், காரணம் இரண்டு பக்கமும் நாம் செய்வது ஒரே கழித்தல்தான்: ஆரத்தின் வர்க்கத்திலிருந்து உயரத்தின் வர்க்கத்தைக் கழிக்கிறோம். அரைக்கோளத்தில் அதைச் செய்வது பிதாகரஸ், உருளையில் செய்வது கூம்பு.

ஒவ்வொரு மட்டத்திலும் வெட்டுப்பரப்பு சமமாக இருந்தால் மொத்தக் கன அளவும் சமம். ஒரு கட்டுக் காகிதத்தை நேராக அடுக்கினாலும் சரித்துத் தள்ளினாலும் காகிதம் அதேதானே. ஆக அரைக்கோளம் என்பது உருளை கழித்தல் கூம்பு, அதாவது உருளையில் மூன்றில் இரண்டு. முழுக்கோளத்துக்கும் அதன் முழு உருளைக்கும் அதே பங்குதான். வகுப்பில் இதை எண்களோடு ஒரு தடவை, எழுத்துக்களோடு ஒரு தடவை செய்யுங்கள், எண்கள் முதலில். நான் பார்த்த பள்ளிக் கணித நிறுவல்களில் இதைவிட அழகானது குறைவு, இதைக் காட்டாமல் சூத்திரத்தை மட்டும் கொடுத்து அனுப்புவது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

கேள்வி: என் மகள் இப்படி யோசித்தாள்: அரைவட்டத்தை அதன் விட்டத்தின் மேல் சுழற்றினால் கோளம் வருகிறது, ஆகவே அரைவட்டத்தின் பரப்பை வட்டத்தின் சுற்றளவால் பெருக்கினால் கன அளவு. விடை தப்பு என்று தெரிகிறது, ஏன் தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. (ஒரு தந்தை)

பதில்: உங்கள் மகளை முதலில் பாராட்டுங்கள், இது நல்ல யோசனை, ஒரே ஓர் இடத்தில்தான் வழுக்குகிறது. அரைவட்டத்தின் பரப்பு பாதி பை × ஆரத்தின் வர்க்கம், சுற்றளவு 2 × பை × ஆரம். பெருக்கினால் பையின் வர்க்கம் × ஆரத்தின் கனம், அதாவது சுமார் 9.87 மடங்கு ஆரத்தின் கனம். கோளம் அடங்கும் பெட்டியே விட்டத்தின் கனம்தான், 8 மடங்கு ஆரத்தின் கனம். பெட்டிக்குள் இருப்பது பெட்டியைவிடப் பெரிதாக இருக்க முடியாதே. அவளே இதைக் கண்டுபிடிக்கும்படி விடுங்கள்.

காரணம் இதுதான். சுழலும்போது ஓரத்தில் இருக்கும் புள்ளி மட்டுமே முழுச் சுற்றளவு தூரம் போகிறது. அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளிகள் மிகக் குறைந்த தூரமே நகர்கின்றன. எல்லாவற்றுக்கும் ஓரத்துப் புள்ளியின் தூரத்தையே கொடுத்துவிட்டால் விடை வீங்கிவிடும். அரைவட்டத்தின் எடைமையம் எவ்வளவு தூரம் போகிறதோ அதைக் கொண்டு பெருக்க வேண்டும். அந்த மையம் அச்சிலிருந்து ஆரத்தில் சுமார் 0.424 பங்கு தள்ளி இருக்கிறது. அதை வைத்துப் போட்டால் அவள் வழியிலேயே சரியான விடை வரும். பாப்பஸ் என்ற பழைய கிரேக்கக் கணித அறிஞரின் பெயரால் வழங்கும் தேற்றம் இது, மேல் வகுப்பில் படிக்கும்போது இது தன் யோசனை என்று அவளுக்கு ஞாபகம் வரட்டும்.

கேள்வி: இதை முதலில் கண்டுபிடித்தது யார்? வகுப்பில் வரலாறு சொன்னால் நேரம் வீணாகுமா?

பதில்: வீணாகாது. எவ்வளவு பெரிய மூளைகள் இதில் திணறின என்று தெரிந்தால், தனக்கு உடனே புரியவில்லையே என்று சோர்ந்துபோகிற பிள்ளைக்கு ஒரு தைரியம் வரும்.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் உருளைக்கும் கோளத்துக்கும் உள்ள இந்த உறவை நிறுவினார். கன அளவு மட்டுமல்ல, புறப்பரப்பும் அதே மூன்றில் இரண்டு பங்கு என்று காட்டினார். தன் எல்லாக் கண்டுபிடிப்புகளிலும் இதை உயர்வாக நினைத்ததால் கல்லறையில் கோளமும் உருளையும் செதுக்கப்பட்டன. கி.மு. 75-இல் ரோமானிய அதிகாரியாக சிசிலிக்குப் போன சிசரோ, முட்புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையை அந்த உருவங்களை வைத்துத்தான் அடையாளம் கண்டார். விடையை ஆர்க்கிமிடீஸ் முதலில் எப்படிப் பிடித்தார் என்பது நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்தது. 1906-இல் ஹைபெர்க் என்ற அறிஞர் கான்ஸ்டாண்டினோபிளில் ஒரு பழைய பிரார்த்தனைப் புத்தகத்தில், பிரார்த்தனை வரிகளுக்கு அடியில் அழிக்கப்பட்டுக் கிடந்த எழுத்துக்களில் அதைப் படித்தார். கோளத்தையும் கூம்பையும் உருளையையும் மெல்லிய சீவல்களாக்கி, நெம்புகோலில் தொங்கவிட்டுச் சமன் பார்ப்பதாகக் கற்பனை செய்திருக்கிறார் மனிதர்.

சீனத்தில் லியூ ஹுய் கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கில் பாதி வழி போய், முடிக்க முடியாமல், முடிக்கக் கூடியவருக்காக விட்டுவைக்கிறேன் என்று எழுதிவைத்தார். சுமார் இருநூறு ஆண்டு கழித்து சூ சோங்ஜியும் அவர் மகன் சூ கெங்கும் முடித்தார்கள். சம வெட்டுப்பரப்பு என்றால் சமக் கன அளவு என்கிற அதே கருத்துதான் அவர்களுக்கும் கைகொடுத்தது. ஐரோப்பாவில் கவாலியேரி 1635-இல் அதை நூலாக எழுதினார்.

இந்தியாவில் நடந்தது வகுப்புக்கு இன்னும் உதவும். 499-இல் எழுதிய ஆரியபட்டர் பையின் மதிப்பை 3.1416 என்று அவ்வளவு துல்லியமாகச் சொன்னவர். ஆனால் கோளத்தின் கன அளவுக்கு, வட்டத்தின் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொன்னார். அது சுமார் 5.57 மடங்கு ஆரத்தின் கனம். சரியான விடை சுமார் 4.19 மடங்கு. 5.57 என்பது பெட்டியின் 8-ஐ விடக் குறைவு, உருளையின் 6.28-ஐ விடவும் குறைவு, ஆகவே பெட்டிச் சோதனையில் இந்தத் தவறு மாட்டாது. பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றுவது போதாது, நிறுவல் வேண்டும் என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் லீலாவதி என்ற தன் கணித நூலில் சரியான விதியைத் தந்தார்: வட்டப்பரப்பின் நான்கு மடங்கு கோளத்தின் புறப்பரப்பு, அதை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கன அளவு.

கேள்வி: கூம்பு, அரைக்கோளம், உருளை மூன்றையும் அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்து தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். 1 : 2 : 3 என்று வர வேண்டியது வரவே இல்லை. மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். (ஓர் ஆசிரியர்)

பதில்: சுவரின் தடிமனைப் பாருங்கள். வெளியே 5 செ.மீ. ஆரம் என்று அளந்து, சுவர் 2 மி.மீ. என்றால் உள்ளே 4.8 தான். நான்கு சதவீதம் குறைந்ததாகத் தோன்றும், ஆனால் கன அளவில் பதினொரு சதவீதத்துக்கு மேல் போய்விடும். மூன்று உருவங்களுக்கும் உள்ளளவு ஒன்றாக இருக்க வேண்டும், கூம்பின் உயரமும் உருளையின் உயரமும் அரைக்கோளத்தின் ஆரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அதோடு கூம்பின் முனை மழுங்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என்னைக் கேட்டால் தண்ணீரைவிடக் களிமண் நல்லது என்பேன். 6 செ.மீ. விட்டத்தில் ஓர் உருண்டை பிடிக்கச் சொல்லுங்கள். அதே மண்ணை, கொஞ்சமும் எடுக்காமல் சேர்க்காமல், 6 செ.மீ. விட்டமுள்ள உருளையாக மாற்றச் சொல்லுங்கள். உயரம் எவ்வளவு வரும் என்று முன்னாலேயே எழுதி வைக்கட்டும். 4 செ.மீ. வரும். ஆறில் நாலு, மூன்றில் இரண்டு. கை செய்த வேலையிலிருந்து சூத்திரம் கிடைக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர் வகுப்பில் இருந்தால் அவருக்கும் இது மற்றவர்களுக்கு இணையாகப் புரியும், படம் தேவையே இல்லை.

கேள்வி: கோலிக்குண்டைத் தண்ணீரில் போட்டு அளந்தால் சூத்திரத்தின் விடையோடு ஒத்துப்போகவில்லை.

பதில்: ஒரு குண்டை மட்டும் போடாதீர்கள். 16 மி.மீ. விட்டமுள்ள குண்டு 2 மி.லி.க்குச் சற்று அதிகமாகத்தான் தண்ணீரை உயர்த்தும், அளவு ஜாடியின் கோடுகளில் அதைச் சரியாகப் படிக்க முடியாது. இருபது குண்டு போடுங்கள், எல்லாம் மூழ்கியிருக்க வேண்டும், 43 மி.லி. அளவுக்கு ஏறும். விட்டத்தையும் ஒரு குண்டில் அளக்காமல், பத்தை ஒரு பள்ளத்தில் வரிசையாக வைத்து மொத்த நீளத்தைப் பத்தால் வகுங்கள், அல்லது வெர்னியர் காலிப்பர் வைத்து அளங்கள். ஏனென்றால் 16-ஐ 17 என்று படித்துவிட்டால், வெறும் ஒரு மி.மீ. பிழைதான், ஆனால் கன அளவு 20 சதவீதம் கூடிவிடுகிறது. ஆரத்தைக் கனப்படுத்தும்போது பிழையும் ஏறக்குறைய மும்மடங்காகிறது என்பதை இந்தச் சோதனையிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம்.

கேள்வி: புறப்பரப்பை முதலில் நடத்துவதா, கன அளவை முதலில் நடத்துவதா?

பதில்: எது முதலில் என்றாலும் பரவாயில்லை, வட்டமடித்து ஒன்றிலிருந்து ஒன்றை நிறுவிவிடாதீர்கள். கோளத்தை மையத்தில் முனை சேரும் பொடிப்பொடிப் பிரமிடுகளாகப் பிரித்து, கன அளவு = புறப்பரப்பு × ஆரம் ÷ 3 என்று காட்டுவது மிக நல்ல வழி. ஆனால் அதற்குப் புறப்பரப்பு முன்பே தெரிய வேண்டும். அந்தப் புறப்பரப்பைக் கன அளவிலிருந்து கொண்டுவந்திருந்தால், பிரமிடு வழியை இன்னொரு நிறுவல் என்று சொல்லக் கூடாது. நான் முதலில் கூம்பைக் குடைந்த உருளை வழியாகக் கன அளவு, பிறகு பிரமிடுகள் வழியாகப் புறப்பரப்பு என்று போவேன்.

இன்னொன்று, பயிற்சிக் கணக்கில் ஆரம் 3 கொடுக்காதீர்கள். புறப்பரப்பும் 36 பை, கன அளவும் 36 பை. சூத்திரம் மாறிப்போன பிள்ளைக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஒன்று சதுர செ.மீ., மற்றது கன செ.மீ. என்று பேச வேண்டும் என்றால் மட்டும் வேண்டுமென்றே கொடுங்கள்.

கேள்வி: 22/7 போடுவதா 3.14 போடுவதா?

பதில்: கணக்கில் என்ன சொல்லியிருக்கிறதோ அது. ஆனால் கடைசி வரியில் மட்டும் போடுங்கள். 6 செ.மீ. ஆரமுள்ள உலோகக் குண்டை உருக்கி 2 செ.மீ. ஆரமுள்ள குண்டுகள் எத்தனை வார்க்கலாம் என்ற கணக்கில், இரண்டு கன அளவையும் தசமத்தோடு கண்டுபிடித்து வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். 4/3-ம் பையும் இரண்டிலும் உண்டு, அடிபட்டுப் போகும். ஆரம் மூன்று மடங்கு, கன அளவு 27 மடங்கு, விடை 27. சூரியனின் விட்டம் பூமியைப் போல 109 மடங்கு என்றால் கன அளவு ஏறக்குறைய 13 லட்சம் மடங்கு என்பதும் இதே கணக்கு.

கேள்வி: விட்டத்தைக் கொடுத்தால் அதையே ஆரமாக வைத்துப் போட்டுவிடுகிறார்கள். எவ்வளவு சொன்னாலும் மாறவில்லை.

பதில்: சொல்வதை நிறுத்திவிட்டு, விடை எழுதியதும் ஒரு வரி கூடுதலாக எழுத வையுங்கள்: விட்டத்தின் கனத்தில் பாதி எவ்வளவு? விடை அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். விட்டம் 14 என்றால் கனம் 2744, பாதி 1372. சரியான விடை 22/7 வைத்து 1437.33. விட்டத்தை ஆரமாகப் போட்டவருக்கு 11,498.67 வரும், பெட்டியைவிட நாலு மடங்கு பெரிய பந்து. இரண்டு மூன்று தடவை தானே பிடித்துக்கொண்டால் பழக்கம் மாறிவிடும்.

கேள்வி: கால்பந்தின் ஆரத்தை எப்படி அளப்பது? உள்ளே போக முடியாதே.

பதில்: நூலைச் சுற்றிச் சுற்றளவை அளங்கள். 5-ஆம் எண் கால்பந்துக்கு 68 முதல் 70 செ.மீ. இருக்கும். 69 என்றால் 2 பையால் வகுக்க ஆரம் சுமார் 10.98, கன அளவு ஏறக்குறைய ஐந்தரை லிட்டர். அவசரத்துக்குச் சுற்றளவின் கனத்தை 60-ஆல் வகுத்தாலும் ஒன்றரை சதவீதப் பிழைக்குள் வந்துவிடும்.

கேள்வி: பெரிய பெட்டியின் கன அளவைச் சின்னப் பந்தின் கன அளவால் வகுத்தால் எத்தனை பந்து பிடிக்கும் என்று வர வேண்டாமா? போட்டுப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு வெளியே நிற்கிறது.

பதில்: இடைவெளிகளை மறந்துவிட்டீர்கள். ஒரே அளவுப் பந்துகளை எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் இடத்தில் சுமார் 74 சதவீதம்தான் நிரம்பும், சும்மா கொட்டிக் குலுக்கினால் 64 அளவுக்குத்தான் வரும். 74-க்கு மேல் முடியாது என்று கெப்ளர் 1611-இல் சொன்னார், தாமஸ் ஹேல்ஸ் 1998-இல்தான் நிறுவல் தந்தார். உருக்கி வார்க்கும் கணக்கு வேறு, அடுக்கும் கணக்கு வேறு. கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களும் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும், பெட்டியில் எத்தனை பந்து "வைக்கலாம்" என்று கேட்டுவிட்டு வகுத்த விடையைச் சரி என்று போடுவது உண்மையாக யோசித்த பிள்ளையைத் தண்டிக்கிறது.

கேள்வி: உள்ளே வெற்றிடமான கோளத்தில் வெளி ஆரம் 5, உள் ஆரம் 4. வித்தியாசம் 1, அதைக் கனப்படுத்தினால் போதாதா? (ஒரு மாணவி)

பதில்: போதாதும்மா. அப்படிச் செய்தால் 1 செ.மீ. ஆரமுள்ள ஒரு சின்னக் குண்டின் கன அளவுதான் கிடைக்கும், சுமார் 4.2 கன செ.மீ. இரண்டையும் தனித்தனியாகக் கனப்படுத்திக் கழிக்க வேண்டும்: 125-இல் 64 போக 61, அதை 4/3 பையால் பெருக்கினால் சுமார் 255.5 கன செ.மீ. சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. சுவரின் நடுவில் போகும் கோளத்தின் ஆரம் 4.5, அதன் புறப்பரப்பு 4 × பை × 20.25, சுமார் 254.5. சுவரின் தடிமன் 1, பெருக்கினால் அதே 254.5. ஒரே ஓர் அலகுதான் வித்தியாசம், சுவர் மெலிய மெலிய அதுவும் குறைந்துகொண்டே போகும். தடிமனை 0.1 ஆக்கி நீயே ஒரு தடவை போட்டுப் பார்.